ரவுட்டருக்கான முப்பது டாலர் ரிபேட்: என் அனுபவம், உங்கள் அனுபவம்?

2004 நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், அமெரிக்காவில் பெரிய தள்ளுபடி நாள். நியூ ஜெர்ஸியில் விடிவதற்கு முன்பே கடை வாசலில் வரிசையில் நின்று ஒரு வயர்லெஸ் ரவுட்டர் வாங்கினேன். 802.11ஜி என்ற வைஃபை வகை, வேகம் 54 எம்பிபிஎஸ். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த விலை 39.99 டாலர். கல்லாவில் கொடுத்தது 69.99. மீதி 30 டாலரை ரவுட்டர் கம்பெனி தபால் வழியாகத் திருப்பித் தரும், அதுதான் ரிபேட். 6 சதவீத விற்பனை வரியையும் 69.99க்குத்தான் போட்டார்கள், 4.20 டாலர். முதல் முறை வாங்குகிறவர்கள் இந்த வரிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

ரிபேட் ஃபார்மோடு ரசீதின் நகலும், பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த அசல் பார்கோடும் போக வேண்டும். 30 நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். பார்கோடு போன பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் நான் உடனே கத்தரிக்கோலை எடுக்கவில்லை. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நல்லதாகப் போயிற்று. முதல் நாள் இன்டர்நெட்டே வரவில்லை. என் பழைய கணினியின் மேக் முகவரியைத்தான் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கேபிள் கம்பெனி பதிந்து வைத்திருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1க்குப் போய் அதே முகவரியை ரவுட்டருக்கும் கொடுத்து, மோடத்தை ஒரு முறை அணைத்துப் போட்ட பிறகுதான் வந்தது. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் மட்டும் சிக்னல் தள்ளாடியது. இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ். சேனலை 6லிருந்து 11க்கு மாற்றியதில் ஓரளவு சரியானது. அப்புறம்தான் வெட்டினேன்.

உறையை ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன், வெட்டிய அட்டைத் துண்டு உட்பட. ஒன்பதாவது வாரம் ஒரு கார்டு வந்தது: “பார்கோடு இணைக்கப்படவில்லை.” என் கையால் உறையில் போட்டது அது! அன்று எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. ஒழுங்காகச் செய்த ஒருவரைப் பார்த்து ‘நீ செய்யவில்லை’ என்று சொல்வது தப்பு. இலவச எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினேன், நகல்களை ஃபேக்ஸ் செய்தேன். ஏப்ரலில் செக் வந்தது, உறை இல்லாமல், விளம்பர அட்டை மாதிரி. மனைவி பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். தற்செயலாகக் கண்ணில் பட்டது. 90 நாளில் காலாவதி என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

நகலை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எப்படி நடந்தது, எழுதுங்கள்.

*

அண்ணா, நான் டெக்சாஸில் படித்தபோது ஒரே அபார்ட்மென்ட்டில் நாலு பேர் இருந்தோம். நானும் அறைத் தோழனும் ஆளுக்கொரு ரவுட்டர் வாங்கினோம். அவனுடையது ஊருக்கு எடுத்துப்போக. அவனுக்கு செக் வந்தது, எனக்கு மறுப்புக் கார்டு. ‘ஒரு விலாசத்துக்கு ஒன்றுதான்’ என்று ஃபார்மின் அடியில் இருந்திருக்கிறது. பெயர் வேறாக இருந்தும் பயனில்லை. உதவித்தொகையில் வாழ்கிற மாணவனுக்கு 30 டாலர் என்பது ஒரு வார மளிகை. சேர்ந்து தங்கியிருக்கும் தம்பி தங்கைகள் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

*

நீங்கள் ஒரு வாரம் பொறுத்தது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும் சார். நான் வாங்கிய அன்றே வெட்டி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் ரவுட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. கடையில் பெட்டியின் ஓட்டையைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். உத்தரவாதத்தில் கம்பெனிக்கு என் செலவில் அனுப்பி, மூன்று வாரம் கழித்து மாற்று வந்தது. புதியது இல்லை, பழுது பார்த்தது. ரிபேட் செக் என்னவோ ஒழுங்காக வந்துவிட்டது.

பணம் வராமலே போனவர்கள் எஃப்டிசியில் (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) புகார் கொடுங்கள். கியூபிஎஸ் என்ற கம்பெனியின் ரிபேட்டுகள் ஒழுங்காக வராத விஷயத்தில், அந்தப் பொருள்களை விற்ற கம்ப்யூஎஸ்ஏ என்ற கணினிக் கடை மீதே 2005ல் எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. வாங்கியவர்களுக்கு அந்தப் பாக்கியைக் கொடுக்க அந்தக் கடை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.