மீன் ஏற்றின வானில் படுக்கை போட்ட அனுபவம்

உப்புவெளியிலிருந்து:

பழைய வான் ஒன்றை வாங்கி, படுத்துறங்கிப் பயணம் போகிற வண்டியாக மாற்ற நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தரை விரிப்பைக் கிளப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மனைவியின் ஊர் மட்டக்களப்பு. மாதத்தில் ஒரு தரமாவது வெருகல் வழியாக அங்கே போய் வருவோம். பிள்ளை பிறந்த பிறகு, வழியில் நிறுத்திப் பால் கரைக்கவும் கொஞ்ச நேரம் சாயவும் ஒரு வான் இருந்தால் நல்லது என்று தொடங்கிய ஆசை இது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போனது. சொந்தப் பாவனை வாகனங்களை மறுபடி இறக்க 2025 பெப்ரவரி வரை பொறுக்க வேண்டியிருந்தது. நான் தேடியது அந்த இடைக்காலத்தில். நல்ல வான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனால், அதற்குள் கைமாறியிருக்கும். அந்த அவசரத்தில்தான் பிழை விட்டேன்.

வாங்கியது டொல்பின். டொயோட்டா ஹையேஸின் அந்தப் பழைய வடிவத்துக்கு நம் நாட்டில் அதுதான் பேர். டீசல் எஞ்சின், எந்தக் கராஜிலும் கைவைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார், சாமான் தட்டுப்பாடு இல்லை. அதனால் இப்போதும் அதைத்தான் சொல்வேன். விற்றவர் உள்ளே புது வைனைல் விரித்து, வாசனைக் கட்டி தொங்கவிட்டிருந்தார். காலை ஏழு மணிக்கு, கண்ணாடி எல்லாம் இறக்கிவிட்டுத்தான் காட்டினார். ஓட்டிப் பார்த்தேன், எஞ்சின் நன்றாக இருந்தது. பதிவுப் புத்தகமும் சரி. வாங்கிவிட்டேன்.

பத்தாம் நாள், சித்திரை வெயிலில் வானைப் பூட்டி நிறுத்திவிட்டு மத்தியானம் கதவைத் திறந்தேன். கருவாட்டு வாடிக்குள் கால் வைத்தது போல இருந்தது.

ஓடாவியார் ஒருவரைக் கூட்டி வந்து வைனைலைக் கிளப்பினோம். அதன் கீழே பலகை, பலகைக்குக் கீழே தகரம். பின்சில்லுக்கு மேலே தகரத்தில் ஆணியை வைத்து லேசாகத் தட்டினார். ஆணி அப்படியே உள்ளே போய்விட்டது. மீன் பெட்டி ஏற்றின வான் அது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகைக்குள் இறங்கி, தகர மடிப்புகளில் தேங்கி, வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்கில் கறள் பிடித்திருக்கிறது. அன்றைக்கு மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரது நகை அடகில் இருந்தது.

அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்ட இரண்டு மாதம் போனது. கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, சிங்க் பிரைமர் அடித்து, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. தேங்குகிற தண்ணீர் வடிய மடிப்புகளில் சின்னத் துளைகள் விடச் சொன்னார் ஒட்டு வேலை செய்தவர். அந்தத் துளைகளை இன்றைக்கும் மாதம் ஒரு தரம் கம்பி விட்டுப் பார்க்கிறேன். கடற்கரை ஊர்க்காரர் யாராக இருந்தாலும் கடலோரம் போய் வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மேற்பக்கத்தை மினுக்குவதெல்லாம் பிறகு.

வாங்கப் போகிறவர்கள் நடுப்பகலில் போங்கள். கண்ணாடியை ஏற்றி அரை மணித்தியாலம் வெயிலில் விடச் சொல்லுங்கள். பிறகு கதவைத் திறந்து உங்கள் மூக்கை நம்புங்கள். கூரையோரம் ஓடும் பீலி, சில்லு வளைவு, படிக்கட்டின் கீழ்ப்பகுதி, முன்கண்ணாடியின் அடி, இந்த இடங்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளம் இருந்தால் உள்ளே கறள் இருக்கிறது.

உள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொல்பினில் வளர்ந்த ஆள் குறுக்காகப் படுத்துக் கால் நீட்ட முடியாது. நெடுக்காகத்தான் படுக்கை போட வேண்டும். எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், தூரம் ஓடி வந்து நிறுத்தினால் அந்தச் சூடு சுலபத்தில் தணியாது. அதனால் தலைமாட்டைப் பின்கதவுப் பக்கம் வைத்தோம். கூரைக்குத் தண்ணீர் உறிஞ்சாத நுரைத்தாள் ஒட்டினோம். பஞ்சு, தும்பு எதையும் தகரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி கறளைக் கொண்டு வரும். சின்ன கேஸ் சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறோம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் படுக்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம். சமைப்பது, வானின் பக்கக் கதவைத் திறந்து வைத்து மட்டும்தான். இருக்கைகளைக் கழற்றுவது, உடலமைப்பை மாற்றுவது எதுவானாலும் தொடங்கும் முன்னே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருப்பதும் வானில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி முதல் இரவு. ஆடி மாதம், இரக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் கடற்கரையோரம் நிறுத்தினோம். பகல் முழுக்கக் கச்சான் காற்று நெருப்பாக வீசி, இரவில்தான் அடங்கியது. விடிவதற்கு முன் கதவில் தட்டும் சத்தம். பயந்துதான் போனோம். வெளியே சாரத்தை மடித்துக் கட்டிய பத்துப் பதினைந்து பேர். வயதான ஒருவர் முன்னே வந்து, "தம்பி, கயிறு இதாலதான் வரும். கொஞ்சம் தள்ளி விடுங்க," என்றார். நாங்கள் நிறுத்தியிருந்தது அவர்கள் கரைவலை இழுக்கிற இடத்துக்குள். எடுக்கப் போனால் பின்சில்லு மணலில் புதைந்துவிட்டது. அவர் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். பாதியாகக் குறைத்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ள, வான் மேலே ஏறியது. அந்த அதிகாலையில் தங்கள் தொழில் தாமதமாகிறதே என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வலை கரைக்கு வந்த பிறகு என் பிள்ளையின் கையில் ஒரு பை நிறையக் கீரி மீன் கொடுத்தார்கள். காசை வாங்கவே இல்லை. அந்த ஆணி உள்ளே போன நாளிலிருந்து என் மனதில் இருந்த கனம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அதற்குப் பிறகு எந்தக் கரையில் நிறுத்துவதானாலும் முதல் நாள் பின்னேரமே அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். மின்சாரம் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும். என் வானில் இன்னும் பழைய கார் பட்டறிதான்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணன், மின்சாரக் கணக்கை நான் சொல்கிறேன். வாப்பாவின் டொயோட்டா லைட்ஏஸ் வானை நானே மாற்றினேன். முதலில் நானும் சாதாரண ஈயப் பட்டறிதான் வைத்தேன், 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி. பார்த்தால் 1200 வாட் மணி இருக்கிறது போலத் தெரியும். ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் அந்தப் பட்டறி சீக்கிரம் செத்துவிடும். ஆகவே கையில் இருப்பது 600தான். நம் ஊர்ச் சூட்டில் 45 வாட் குளிர்பெட்டி ஒரு நாளில் பாதி நேரமாவது ஓடும். அதற்கே 500க்கு மேல். இரவு எட்டு மணித்தியாலம் 20 வாட் காற்றாடி, இன்னொரு 160. விடியும்போது எதுவும் மிஞ்சாது. லித்தியம் இரும்பு பொஸ்பேட் பட்டறிக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. விலை கூட. ஆனால் அதே அளவில் அநேகமாக முழுவதையும் பாவிக்கலாம், பாரமும் பாதிக்குக் குறைவு.

கூரையில் 200 வாட் சூரியத் தகடு. கோடையில் நாளுக்கு 800 வாட் மணி அளவில் வருகிறது. மார்கழி வாடை மழையில் அதில் பாதியை எதிர்பார்த்தாலே பெரிது. அந்த மாதங்களில் குளிர்பெட்டியை நிறுத்திவிட்டுக் கருவாடும் பருப்பும் கொண்டு போவோம், உம்மா அதைத்தான் விரும்புவார்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பட்டறிக்கு வயர் இழுத்தபோது தகர ஓட்டையில் றப்பர் வளையம் போடாமல் விட்டேன். பியூஸும் வயரின் மறு முனையில் இருந்தது. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது புகை. குலுக்கலில் வயரின் தோல் அறுந்து தகரத்தில் பட்டிருக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான், பட்டறி முனையை உடனே கழற்றிவிட்டேன். பியூஸ் பட்டறிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். இரண்டு பட்டறி என்றால் இரண்டு பக்கமும். இதைத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகுதான் பூட்டுங்கள்.

கண்டியிலிருந்து:

தம்பிமாரே, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு தடவை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. நிசான் கேராவன் வான் ஒன்றில் கீழ்ப்படுக்கை மட்டும் போட்டிருக்கிறோம். யாரும் எழுதாத விஷயம் கழிப்பிடம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் பயணத்தில் பெரிய கஷ்டமே அதுதான். தண்ணீர் குடிக்காமலே வருவார் அம்மா, பாவம். இப்போது மூடி உள்ள வாளியில் இருக்கைப் பலகை பொருத்தி, உபயோகித்ததும் மரத்தூள் போடுகிறோம். மரக்காலையில் கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். மணம் இல்லை. சுற்றி ஒரு திரை போதும். அம்மா இப்போது வழியில் இளநீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். வேறு எந்த வசதியும் இல்லாமல் போனாலும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுது பட்ட பிறகு ஓட்டாதீர்கள். யானை வீதியில் நிற்கும். வளைவு திரும்பும்வரை தெரியாது. நாங்கள் நாலு மணிக்குள் கந்தளாய் வந்துவிடுவோம்.

உப்புவெளியிலிருந்து:

தம்பி, உங்கள் பதிலைப் பார்த்ததும் எழுந்து போய் என் வயரைப் பார்த்தேன். எனக்கும் றப்பர் வளையம் இல்லை. நாளைக்கே போடுகிறேன். அக்கா, அடுத்த முறை அம்மாவோடு வரும்போது எங்கள் வளவுக்குள்ளேயே வானை நிறுத்துங்கள். கிணறு இருக்கிறது, வேப்பமர நிழல் இருக்கிறது, கோயிலுக்கு நான் கூட்டிப் போகிறேன். மரத்தூள் வாங்க எங்கள் ஓடாவியாரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.