புதுப்பிப்பு: குழந்தைகளின் கண்களுக்கு ஃபோட்டோரிஃப்ராக்‌ஷன் சோதனை

எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரியாத குழந்தைகளின் கண்களையும் ஃபோட்டோரிஃப்ராக்‌ஷன் கேமராவால் சோதிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். கருவி குறை எதையும் காட்டாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டுமா என்று அதில் சிலர் கேட்டிருந்தீர்கள்.

சுமார் ஒரு மீட்டர் தொலைவிலிருந்து செலுத்தப்படும் அகச்சிவப்பு ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது, கண்பாவையில் பிறை போலத் தெரியும் வெளிச்சத்தின் இடத்தையும் அளவையும் கொண்டே கருவி கண்ணின் பவரைக் கணிக்கிறது. ஆனால் சிறு குழந்தைகளின் கண் வில்லை மிக எளிதில் குவியத்தை மாற்றிக்கொள்வதால், அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும் தூரப்பார்வைக் குறை கணிசமாக இருந்தாலும்கூட அது அந்த ஒரு நொடியில் மறைந்துவிடக்கூடும். சொட்டு மருந்திட்டு அந்தக் குவியத்தைத் தளர்த்திய பிறகு மருத்துவர் செய்யும் சோதனையில்தான் உண்மையான அளவு தெரியும். மேலும், சோம்பேறிக் கண் (சிறுவயதில் ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போவது) உருவாகக் காரணமாகும் குறைகளைத்தான் கருவி காட்டுகிறதே தவிர, குழந்தை எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது என்பதை அது அளப்பதில்லை.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2017இல், 3 முதல் 5 வயதுக்குள் ஒரு முறையேனும் பார்வைச் சோதனை செய்யப் பரிந்துரைத்தது. இக்கருவிச் சோதனையும் அதற்கு ஏற்ற முறைகளுள் ஒன்று. எனினும், மாறுகண் தெரிந்தாலோ, பெற்றோருக்குச் சிறுவயதிலேயே அதிகப் பவர் இருந்திருந்தாலோ, கருவியின் முடிவு எதுவாயினும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்படங்களில் கண்பாவை வெண்மையாக ஒளிர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.