பெரம்பூர் பின்னி ஆலையை மூட வைத்தது சங்கமா?

காக்கிநூல்:
பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் துணி ஆலை 1876இல் வந்தது, கர்நாடிக் ஆலை 1881இல். 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. தொழிலாளருக்குக் குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் நிர்வாகமே கட்டியது. பின்னி காக்கியைப் பற்றி என் அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். எத்தனை முறை வெளுத்தாலும் சாயம் இறங்காது என்பார். அப்படிப்பட்ட ஆலை 1996இல் மூடப்பட ஓயாத வேலைநிறுத்தங்களே காரணம். 1921லேயே அந்த வழக்கம் தொடங்கிவிட்டது.

ஓட்டேரி மகள்:
1921க்கும் 1996க்கும் நடுவில் 75 வருடம் ஓடிய ஆலை அது. முதலில் சங்கம் ஏன் வந்தது என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் கை கழுவி, சோறு தின்று, தறிக்குத் திரும்ப ஓட வேண்டும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி.வாடியாவிடம் போனது இப்படிப்பட்ட குறைகளோடுதான். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் கூட நின்றார். பதிலுக்கு நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை ஆணையே வாங்கியது. சங்கம் நடத்துபவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று அந்த வழக்கு கிளப்பிய கேள்விதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. இதையா கெட்ட வழக்கம் என்கிறீர்கள்?

புளியந்தோப்புவாசி:
இரண்டு பேருமே 1921ஐத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த வருடம் ஆதி திராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை. ஆதி திராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அந்தத் தொழிலாளர் பக்கம் பேசினார். அப்புறம் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவர்களைக் கருங்காலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. கூலி நின்றால் அன்றே அடுப்பு அணைந்துவிடும் வீடுகள் அவை. சாதி பார்த்த ஊரில், தறி முன்னால் மட்டும் எல்லாரும் ஒன்று என்றால் யார் நம்புவார்கள்?

ஓட்டேரி மகள்:
நீங்கள் சொல்வது வலிக்கிறது, ஆனால் உண்மை. சங்கம் அங்கேதான் தோற்றது.

காக்கிநூல்:
சரி, சாப்பாட்டு நேரம் கேட்டது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவடைப்பு, வேலைநிறுத்தம் என்று நின்று நின்று ஓடும் ஆலை எப்படிப் புது இயந்திரம் வாங்கும்?

ஓட்டேரி மகள்:
விசைத்தறித் துணி மலிவாக வந்தது, பாலியஸ்டர் வந்தது. நாடெங்கும் பழைய பஞ்சாலைகள் விழுந்த காலம் அது. லாபம் வந்த வருடங்களிலேயே இயந்திரத்தை மாற்றியிருக்க வேண்டும். அது தறிக்காரர் கையில் இருந்த முடிவு இல்லை, ஐயா.