மலையிலிருந்து வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றோர்: பி.சி.சி. வாங்கிய அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை:

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அல்ல, பி.சி.சி. எனப்படும் போலீஸ் சான்றிதழை (Police Clearance Certificate, நம் மேல் குற்ற வழக்கு இல்லை என்று சொல்லும் தாள்) எப்படி வாங்குவது என்றுதான். 2023-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தபோது நானும் அதே கேள்வியோடுதான் நின்றேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாததால், நான் பட்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன். மற்றவர்களும் தங்களுடையதை எழுத வேண்டுகிறேன்.

முதலில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டரில் "போலீஸ் வெரிஃபிகேஷன்" என்று கேட்டேன். அவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கொடுத்தார்கள். அது உள்ளூர் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் உரிய சரிபார்ப்பு. விசாவுக்கு வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி.; அதற்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நான் கட்டிய கட்டணம் 500 ரூபாய்தான் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதில் பதினெட்டு நாட்கள் போயின.

நீலகிரி கோயம்புத்தூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. கோத்தகிரியில் அதிகாலைப் பேருந்தைப் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து கோவைக்கு மாறிச் சென்றால் காலை நேர ஒதுக்கீட்டுக்குப் போய்ச் சேரலாம். மழைக்காலத்தில் மட்டும் முந்தைய நாளே இறங்கித் தங்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரு மரம் சாய்ந்தாலே மலைப்பாதையில் அரை நாள் போய்விடும். 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், நேரம் ஒதுக்கும்போது அருகில் எந்த மையம் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு ஏட்டு ஒருவர் எங்கள் ஹட்டிக்கே, அதாவது எங்கள் சிற்றூருக்கே வந்தார். சீருடை அணிந்தவர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். என் மாமியார் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்திட வேண்டியிருந்ததால், அவர்களிடம் நான் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படியே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: வேற்று நாட்டில் ஒரு தாய் தன் ஆறு வயதுக் குழந்தையை நம் வகுப்பில் விட்டுச் செல்லும்முன் நம்மைப் பற்றி விசாரிக்கச் சொல்வது நியாயமானது, நம் பிள்ளையை விடும்போது நாமும் அதைத்தான் எதிர்பார்ப்போம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். இந்த விசாரணையை வெறும் தொல்லை என்று பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

எனக்கு உண்மையான சிக்கல் வந்தது விரல்களில். கடந்த பத்தாண்டுகளில் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. நான் சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகள் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்திருந்தேன். சிங்கப்பூர் காவல்துறை தரும் சான்றிதழுக்குப் பத்து விரல் ரேகைகளையும் படிவத்தில் பதித்து அனுப்ப வேண்டும். அதற்காக மாவட்டக் காவல் அலுவலகத்தின் விரல் ரேகைப் பிரிவுக்குச் சென்றேன். கண்ணாடித் தகட்டில் கருப்பு மையை உருளையால் தேய்த்து, ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டிப் பதித்தார்கள். மற்ற எட்டு விரல்களும் பரவாயில்லை. வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பதிந்த இடத்தில் கோடுகளே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெட்டுகள் மட்டும் தெரிந்தன. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஆள் கிடைக்காத நாட்களில் நானும் மாமியாரும்தான் கொழுந்து எடுப்போம். இலையைக் கிள்ளும் அந்த இரண்டு விரல்களில் தேயிலைக் கறை ஏறி, தோல் தடித்து, வெடித்துப் போயிருந்தது. அந்தப் படிவத்தை அப்படியே அனுப்பினேன். ரேகை தெளிவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அடுத்த பத்து நாட்கள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. இரவில் வெதுவெதுப்பான நீரில் கையை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். போகும் நாள் காலையில் மட்டும் எண்ணெய் வைக்காமல் சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையானவர். மையைக் குறைத்து, விரலை அழுத்தாமல் உருட்டி, மூன்று படிவங்களில் எடுத்து, நல்லதைத் தேர்ந்து கொடுத்தார். அது ஏற்கப்பட்டது.

ஒரு நாட்டின் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அப்போது வியட்நாம் இல்லை. ஆகவே சென்னையில் வெளியுறவுத் துறையின் சான்றொப்பம் பெற்று, பிறகு டெல்லியிலுள்ள வியட்நாம் தூதரகத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. பட்டச் சான்றிதழுக்கு அதற்கும் முன்னால் மாநில அரசின் சான்றொப்பம் தேவைப்பட்டது. பி.சி.சி. பாஸ்போர்ட் அலுவலரே கையெழுத்திட்டது என்பதால் அதற்கு அந்தப் படி வேண்டியிருக்கவில்லை.

கூடலூர் வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர், தற்போது மாலத்தீவில்:

அக்காவின் பதிவைப் படித்தபின் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. எனக்கு விரல்களில் குறை இல்லை. முகவரியில்தான் எல்லாமே நின்றது.

எங்கள் குடும்பம் 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தாத்தா கண்டியிலிருந்து வந்தவர். அப்பா அப்போது சிறுவர். எங்களைப் போன்றோரின் மறுவாழ்வுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) நான் வளர்ந்தேன். தாத்தா ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்து, செக்‌ஷன் 17 நிலத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டோம். கூடலூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் இந்த நிலங்களின் உரிமை இன்னும் தீராததால், அங்கே வீடு கட்டியிருப்போர் பலருக்குப் பட்டா இல்லை. எங்களுக்கு மின் இணைப்பும் கிடைக்கவில்லை. நாடெங்கும் முகவரிச் சான்றாக எல்லோரும் நீட்டும் கரண்டு பில் எங்கள் வீட்டில் ஒருபோதும் இருந்ததில்லை.

பாஸ்போர்ட்டில் இருந்ததோ பழைய லைன் வீட்டு முகவரி. விசாரணைக்கு வந்தவர் அங்கே போய்க் கேட்டிருக்கிறார். அந்த லைனில் அப்பாவின் பெயரில் மூன்று பேர் உண்டு. அவர்களில் ஒருவருடைய மகன் திருப்பூரில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முகவரியில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விட்டது. மாலத்தீவில் கல்வியாண்டு தொடங்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆதார், வாக்காளர் அட்டை இரண்டிலும் புதிய முகவரியை மாற்றி, பாஸ்போர்ட்டையும் புதுப்பித்த பிறகுதான் பி.சி.சி.க்கு மீண்டும் விண்ணப்பிக்க முடிந்தது. இரண்டரை மாதங்கள் போயின.

இரண்டாம் முறை விசாரித்தவர் இன்னொரு கேள்வி கேட்டார்: "நீங்கள் அகதியா?" எங்களைப் போல ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் இந்தியக் குடிமக்கள், 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தோரின் நிலை வேறு. இந்த வேறுபாட்டை என் வாயால் விளக்கி முடியாது என்று தெரிந்ததால், அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். கண்டியில் வழங்கப்பட்டது. தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளும் ஒரே படத்தில் நிற்கிறார்கள். ராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கிய நாளின் முத்திரை பக்கத்தின் ஓரத்தில் மங்கலாக இருக்கிறது. விசாரிக்க வந்தவர் அதை இரு கைகளாலும் வாங்கி, நெடுநேரம் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் பி.சி.சி. தயாராக இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. எங்கள் மக்கள் யாராவது விண்ணப்பித்தால், அந்தப் பழைய தாளையும் குடும்ப அட்டையையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவர்:

என் பெயரில் ஒரு வழக்கு இருந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, அப்பாவின் பூண்டு மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு பூம்பாறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் மறித்து வண்டியைப் பறிமுதல் செய்து, அரசு உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் வழக்குப் பதிவு செய்தார்கள். அபராதம் கட்டி வண்டியை மீட்டதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். 2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகளைக் கைவிடுவதாக அரசு அறிவித்தபோது, என்னுடையதும் அதில் போயிருக்கும் என்று நம்பினேன்.

தாய்லாந்துப் பள்ளி வேலைக்காக மதுரையில் பி.சி.சி.க்கு விண்ணப்பித்தபோதுதான், கணினியில் அந்த வழக்கு இன்னும் நிலுவை என்று காட்டுவது தெரிந்தது. அரசு அறிவிப்பது ஒன்று. அந்தந்த நிலையத்தில் அதைப் பதிவேட்டில் முடித்து வைப்பது வேறொன்று. அதை யாரும் தாமாகச் செய்யவில்லை. நான் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனு போட்டு, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, நிலையத்திலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் கொடுத்தேன். ஐந்து வாரங்கள் ஆயின. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு நான் தெரியாமல் "இல்லை" என்று எழுதியிருந்ததற்கும் தனியாக விளக்கக் கடிதம் கேட்டார்கள். பச்சைத் தேயிலை விலைக்காகவோ சாலைக்காகவோ மறியலில் பெயர் கொடுத்தவர்கள் கட்டாயம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மறியலில் நின்றதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் விண்ணப்பிக்கக் கூடாது.

குன்னூரிலிருந்து ஒரு பட்டதாரி:

வணக்கம். எனக்கு இரண்டு சந்தேகங்கள் உள்ளன. பி.சி.சி.யை நானே எடுக்கலாமா, ஏஜென்ட் கேட்கும் 12,000 ரூபாயைக் கொடுத்துவிடலாமா? வேலை உறுதியாகும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

கோத்தகிரி ஆசிரியை:

தம்பி, ஏஜென்டுக்குக் கொடுக்காதீர்கள். நேரில் போக வேண்டியது நீங்கள்தான். விசாரணைக்கு வருபவர் பார்ப்பதும் உங்களைத்தான். தூதரகச் சான்றொப்பத்துக்கு ஆள் வைத்துக்கொள்வது வேறு விஷயம். டெல்லிக்கு நாமே அலைவதைவிட அது மலிவாக முடியும்.

சான்றிதழை முன்பே எடுக்க வேண்டாம். பல நாடுகள் ஆறு மாதங்களுக்குள் வழங்கப்பட்டதையே ஏற்கின்றன. அந்த ஆறு மாதத்தைச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து கணக்கிட்டுத் தாளைக் கொடுக்கும் நாள் வரை பார்ப்பார்கள். சான்றொப்பத்துக்கு ஆகும் வாரங்களும் அதற்குள் அடங்கும். வேறு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழை முதலில் தொடங்குங்கள், அதற்குத்தான் காலம் பிடிக்கும். பி.சி.சி.யைக் கடைசியில் எடுங்கள். இப்போது செய்ய வேண்டியது, பாஸ்போர்ட், ஆதார், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி விரிக்கப்பட்டிருக்கிறதா, முகவரி நீங்கள் இன்று குடியிருக்கும் வீடுதானா என்று பார்த்துச் சரிசெய்வது. கூடலூர்த் தம்பிக்குப் போன இரண்டரை மாதம் உங்களுக்குப் போகாது.

என் சித்தி மகளும் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவள். அவளுக்கு வரும் திங்கட்கிழமை ஊட்டியில் விரல் ரேகை எடுக்கிறார்கள். ஒரு வாரமாக அவளைத் தோட்டத்துக்கு விடாமல், அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.