குளிர் பிரதேசத்தில் ஓய்வுக்காலம்: சின்ன ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓய்வுக்குத்தயார்

வணக்கம். எனக்கு 63, மனைவிக்கு 60. இன்னும் எட்டு மாதத்தில் வேலையிலிருந்து விடுதலை. இருவருக்குமே வெயில் ஒத்துக்கொள்வதில்லை, குளிர் பிடிக்கும், நகரத்து இரைச்சல் போதும் என்றாகிவிட்டது. மூன்று வருடமாக ஜூலையில் ஒரே ஊருக்குப் போய்த் தங்கிவிட்டு வருகிறோம். சுமார் 4,000 பேர் இருக்கிற ஊர், ஒரு ஏரி, பைன் மரங்கள், ஒரே ஒரு கடைத்தெரு. இந்த முறை போனபோது ஊரிலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி ஏரியைப் பார்த்தபடி ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. மாடியில் படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். கடைசி 400 மீட்டர் மட்டும் சரளைக்கல் பாதை. மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கிளம்ப மனசே இல்லை அவளுக்கு.

குளிர் எவ்வளவு என்று பார்த்துவிட்டேன், ஜனவரி சராசரி மைனஸ் 12. அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, நல்ல கோட்டு இருந்தால் சமாளித்துவிடலாம். "அங்கே போய் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்" என்று மகள் கேட்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவளுக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகள்தான் எனக்கு வேண்டும். இப்படிப் போய்க் குடியேறியவர்கள், போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள், யாராயிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்க இரண்டு வாரம் இருக்கிறது.

பதினோராவதுகுளிர்காலம்

முதலில் முன்பணம் கொடுக்காதீர்கள் ஐயா. அப்புறம் பேசலாம்.

நீங்கள் மூன்று தடவை போனதும் ஜூலையில். பிப்ரவரியில் அங்கே வேறு ஓர் ஊர் இருக்கும், பெயர் மட்டும்தான் ஒன்று. நாங்கள் குடிவந்த முதல் வருடம், கோடையில் திறந்திருந்த கடைகளில் பாதி அக்டோபரில் பலகையை இறக்கிவிட்டன. எதிர்வீட்டுக்காரர்களும் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்களும் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள் என்பது நவம்பரில்தான் எனக்கு உறைத்தது. இரவில் வாசலில் நின்று பார்த்தால் எங்கள் தெருவில் விளக்கு எரிகிற வீடு மூன்று. ஆகவே 4,000 பேர் என்ற கணக்கை நம்பாதீர்கள், குளிர்காலத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அடுத்தது அந்த 400 மீட்டர். அது யாருடைய பாதை? பொதுப் பாதை என்றால் ஊராட்சியின் பனி வாரும் வண்டி வரும், முதலில் பெரிய சாலை, பிறகு பள்ளிக்கூடம் போகிற சாலை, கடைசியில் உங்கள் பாதை. தனியார் பாதை என்றால் வராது, நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும், அந்த ஆளுக்கும் உடம்புக்கு முடியாமல் போகும், அவர் வண்டியும் பழுதாகும். சரி, வண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் விடிகாலையில் எழுந்து, இரண்டு மணி நேரம் முதுகு ஒடியப் பனியை அள்ளிக் காரை வெளியே எடுக்கிற அளவுக்கு வழி பண்ணியிருப்பீர்கள். அப்போதுதான் அந்த வண்டி சாலையைச் சுத்தம் பண்ணிக்கொண்டே வந்து, உங்கள் வழியின் வாயில் இடுப்பளவுக்கு ஒரு வரப்புப் போட்டுவிட்டுப் போகும். அது புதுப் பனி மாதிரி மெத்தென்று இருக்காது. சாலையில் அழுந்தி, உப்பும் கட்டியும் கலந்த பனி, ஒரு மணி நேரம் விட்டால் கல். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் இந்த வரப்பைப் பார்த்ததில்லை.

பனியைவிட மோசம் மார்ச் கடைசி, ஏப்ரல். மேலே உருகும், அடியில் தரை இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் சரளைப் பாதை முழுக்கச் சேறாகும். அந்த நாட்களில் கனரக வண்டிகளைச் சில சாலைகளில் விடவே மாட்டார்கள். எரிவாயுவோ எண்ணெயோ லாரியில் வருகிற வீடு என்றால் அதற்கு முன்பே டேங்கை நிரப்பிவைத்திருக்க வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

நைட்டியூட்டி

சார், நான் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் 20 வருடமாக நர்ஸ். ஒரே கேள்வி: உங்கள் வீட்டிலிருந்து சிடி ஸ்கேன் இருக்கிற மருத்துவமனை எத்தனை நிமிடம்? கிலோமீட்டரில் சொல்லாதீர்கள், பனி கொட்டுகிற இரவில் எத்தனை நிமிடம்.

ஏன் கேட்கிறேன் என்றால், பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதுவும் மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான். கசிவாக இருந்து இந்த மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடும். அதனால் "ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஸ்கேன் இருக்கிறதா, இரவில் அதை இயக்க ஆள் உண்டா, ஆம்புலன்ஸில் சம்பள ஆட்களா அல்லது வீட்டிலிருந்து ஓடிவருகிற தன்னார்வலர்களா, எல்லாவற்றையும் கேளுங்கள். தன்னார்வலர்கள் தங்கமான மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் முதலில் தங்கள் வீட்டு வாசல் பனியைத் தாண்டி வர வேண்டும். ஹெலிகாப்டர் உண்டே என்பார்கள். பனிப்புயலில் அது பறக்காது.

இன்னொன்று, பனி அள்ளுவது. முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் காலை எங்களுக்கு எப்போதும் வேலை அதிகம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும், கையால் தூக்குகிற வேலை இதயத்துக்குப் பாரம், நம்மை அறியாமல் மூச்சையும் பிடித்துக்கொள்வோம். மாதக்கணக்கில் உடம்பு அசையாமல் இருந்துவிட்டு விடிந்ததும் விடியாததுமாய்ப் போய்க் குனிவார்கள். 63 வயதில் நீங்கள் அள்ளிவிடலாம் சார், 73 வயதில் யார் அள்ளுவார்கள்? தூக்கி எறியாமல் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி அகலமான தகடு கிடைக்கும், அதை வாங்குங்கள், அல்லது ஆளை வையுங்கள்.

மாடியில் படுக்கையறை என்று எழுதியிருக்கிறீர்கள். பனியில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் முதலில் கேட்பதே படுக்கையும் கழிவறையும் கீழ்த்தளத்தில் உண்டா என்றுதான்.

மரச்சட்டம்

வீடு வாங்குவதற்கு முன் பரிசோதிக்கிற வேலை எனக்கு. மற்றதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டைப் பற்றி மட்டும்.

பனி விழுந்து இரண்டு நாள் கழித்து அந்தத் தெருவில் நடந்துபோய்க் கூரைகளைப் பாருங்கள். எல்லாக் கூரையும் வெள்ளையாக இருக்க ஒன்று மட்டும் உருகி மொட்டையாக இருந்தால் அந்த வீடு காசைக் கூரை வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. இறவாரத்தில் ஆள் உயரத்துக்கு ஐஸ் குச்சிகள் தொங்கினால் படம் எடுக்க அழகாக இருக்கும், எனக்கு வயிறு கலங்கும். உள்ளே இருந்து ஏறுகிற சூடு கூரையின் மேல்பகுதிப் பனியை உருக்குகிறது, அந்தத் தண்ணீர் ஓடி வந்து சூடு படாத இறவாரத்தில் உறைந்து அணை கட்டுகிறது, பின்னால் தேங்கிய தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது. ஹீட்டரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, மேல்பரணில் காற்று கசிகிற ஓட்டைகளை அடைத்துக் காப்புப் பஞ்சை நிரப்ப வேண்டும்.

அடுத்து, மின்சாரம் போனால் என்ன ஆகும்? எரிவாயு ஹீட்டர் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதன் விசிறிக்கும் பற்றவைக்கிற பொறிக்கும் மின்சாரம் வேண்டும், கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் தகரப்பெட்டி. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிக்கும், ஆனால் நீங்கள் கவனிப்பது மறுபடி உருகும்போதுதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கரண்ட் போனதும் மோட்டாரும் நிற்கும். அதனால் விறகடுப்போ ஜெனரேட்டரோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். அதற்கான அலாரத்தைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஹீட்டரின் புகைக்குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே வந்தால், பெரிய பனி விழும்போதெல்லாம் அதன் வாய் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

வாடகைக்காரன்

எல்லாரும் சேர்ந்து அண்ணனைப் பயமுறுத்திவிட்டீர்கள். நாங்கள் ஐந்து குளிர்காலம் இருந்தோம், மூன்று ஊர்களில், எல்லாம் வாடகைக்கு. அருமையாக இருந்தது. பனி விழுந்த இரவில் அந்த அமைதியைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், தூரத்தில் நாய் குரைப்பதுகூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் அண்ணா, சராசரி மைனஸ் 12 என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. காற்று அடிக்கிற ஊரா? மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 34 மாதிரி. வெளிச்சம் எவ்வளவு? நார்வேயின் பெர்கன் நகரில் ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே நிற்கும், கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 16 வாக்கில். எண்ணைப் பார்த்தால் பெர்கன்தான் சுகம். ஆனால் பெர்கன் 60 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, டிசம்பர் 21 அன்று பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை, அதிலும் பெரும்பாலும் மழையும் மேகமும். வின்னிபெக்கில் எட்டு மணி நேரத்துக்குப் பகல், பளிச்சென்று நீல வானம், காய்ந்த குளிர். எனக்குக் காய்ந்த குளிர் ஒத்துக்கொண்டது, என் மனைவியை இருட்டுதான் சாய்த்தது. மூன்றாவது வருடம் ஜனவரியில் அவள் மதியம் மூன்று மணிக்கே திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கப் போக ஆரம்பித்தாள், நான் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு இப்போதும் வெட்கம். டாக்டர் சொல்லி 10,000 லக்ஸ் அளவு பிரகாசமான வெளிச்சம் தருகிற விளக்கு வாங்கிக் காலையில் அரைமணி நேரம் அதன் முன் உட்கார்ந்தாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள்.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பேரேரிகள் போலப் பெரிய, உறையாத ஏரி என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். குளிர்காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் கொட்டும், இந்தக் கரையில் கணுக்கால் அளவு, அந்தக் கரையில் நெஞ்சளவு. ஜப்பானின் மேற்குக் கடற்கரையிலும் இதே கதைதான், அங்கே கடல். சின்ன ஏரி என்றால் கவலை இல்லை, அது உறைந்துவிடும்.

ஓய்வுக்குத்தயார்

எல்லாருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து வரிசையாகப் போன் போட்டேன். அந்த 400 மீட்டர் தனியார் பாதைதான். ஸ்கேன் இருக்கிற மருத்துவமனை 70 கிலோமீட்டர், கோடையில் 55 நிமிடம், குளிர்காலத்தில் எவ்வளவு என்று கேட்டதற்கு வீட்டுத் தரகர் சிரித்தார்.

இரவு இதையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "எனக்குத்தான் கார் ஓட்ட வராதே, உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் அந்த ஒன்பது கிலோமீட்டரை எப்படித் தாண்டுவேன்?" 34 வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம், இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

பதினோராவதுகுளிர்காலம்

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நீங்கள் ஓட்டுவதும் எவ்வளவு நாளைக்கு? எனக்கு 68ல் கண்புரை ஆரம்பித்தது, அதிலிருந்து இருட்டிய பிறகு வண்டி எடுப்பதில்லை. இங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், என் நாள் எவ்வளவு சுருங்கியது என்று.

நாங்கள் நாலாவது வருடம் ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு மாறினோம். ஏரி தெரியாது. ஜன்னலைத் திறந்தால் தபால் அலுவலகத்தின் பின்சுவர். ஆனால் மருந்துக்கடைக்கு ஆறு நிமிடம், நூலகத்துக்குப் பத்து நிமிடம், நடந்தே. இரண்டு நாள் என்னைத் தெருவில் காணவில்லை என்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

ஊரைப் பிடித்திருந்தால் ஊரை விடாதீர்கள், அந்த வீட்டை மட்டும் விடுங்கள். பிப்ரவரியில் ஒரு மாதம் ஊருக்குள்ளேயே வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். ஒரு நாள் கார்ச்சாவியை வீட்டில் வைத்துவிட்டு, மாலை நாலு மணிக்கு இருவரும் மருந்துக்கடை வரை நடந்து போய்விட்டு வாருங்கள். நடைபாதையில் பனியை வாரியிருக்கிறார்களா, அல்லது சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். மைனஸ் 10க்குக் கீழே உப்பு அவ்வளவாக வேலை செய்யாது, நல்ல ஊர் என்றால் மணல் தூவியிருக்கும். காலடியில் நறநற என்று கேட்டால் நல்ல சகுனம்.

ஓய்வுக்குத்தயார்

பிப்ரவரி 3 முதல் ஐந்து வாரத்துக்கு வாடகை பேசியாகிவிட்டது. ஊருக்குள், மாடி இல்லாத வீடு. ஏரிக்கரை வீட்டுத் தரகரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை வாங்க வேண்டுமா, அல்லது நல்ல பூட்ஸ் போதுமா?

நைட்டியூட்டி

இரண்டும் வாங்குங்கள் சார். ஆனால் கடைக்குள் நுழையும்போது முள்பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும். போன மாதம் எங்களிடம் அப்படி ஒருவர் வந்தார், இரண்டு கிலோமீட்டர் பனியில் பத்திரமாக நடந்து வந்து மருந்துக்கடைக்குள் விழுந்தவர்.