ஸ்டாக்ஹோம் உள்ளே போகும் நாளில் கேப்டன் வேலை என்ன?

குளச்சல்_கரை:
அண்ணன்மாரே, பால்டிக் கடலிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குள்ள கப்பல் நுழையும்போது, பைலட் (துறைமுகத்துக்கு வழி காட்டுறவர்) ஏறிட்டா கேப்டன் சும்மா நிக்கலாமா? நம்ம முட்டம் பக்கம் மாதிரி வேலியேற்றம் (கடல் தண்ணி ஏறி இறங்குறது) பாக்கணுமா?

நாகர்கோவில்_டெக்:
சும்மா நிக்க முடியாது மக்கா. பைலட் வழி சொல்வார், பொறுப்பு கேப்டனுக்குத்தான். அங்க வேலியேற்றம் கணக்கிலேயே வராது; காற்றும் காற்றழுத்தமும்தான் நீர்மட்டத்தை மாத்தும். புதுசா போறவங்க தண்ணியோட உப்பை மறந்துடுறாங்க. உப்பு குறைஞ்சா அடர்த்தி குறையும், கப்பல் கூடுதலா அமிழும். அடர்த்தி நம்ம கடல்ல 1.025, அங்க சுமார் 1.005, நன்னீர்ல 1.000. நன்னீர் அலவன்ஸ் (கடல்லேர்ந்து நன்னீருக்குப் போனா கூடுதலா அமிழுற அளவு) 200 மி.மீ. உள்ள கப்பல், அங்க அதுல 25-ல 20 பங்கு, அதாவது 160 மி.மீ. கூடுதலா அமிழும்.

தேங்காப்பட்டணம்:
ஸ்குவாட்டையும் (ஆழம் குறைஞ்ச இடத்துல ஓடும்போது கப்பல் கூடுதலா அமிழுறது) சேருங்க. பிளாக் கோயஃபிஷியன்ட் (கப்பல் அடிப்பகுதி எவ்வளவு பெட்டி மாதிரி இருக்குங்கிற அளவு) 0.7 இருந்தா, திறந்த நீர்லயே 12 நாட் வேகத்துக்கு சுமார் 1 மீட்டர். 6 நாட் வேகத்துக்கு 25 செ.மீ. ஒடுங்கின வழியில ஏறக்குறைய இரட்டிப்பு. தீவுக்குக் கிட்ட போனா பின்பக்கத்தைக் கரை இழுக்கும், முன்பக்கம் விலகும். வேகத்தைக் குறைச்சா இந்த இழுப்பு குறையும். முன்தளத்துல நங்கூரத்துக்கு ஆள் நிக்கணும்.

நாகர்கோவில்_டெக்:
பைலட் ஏணியும் கேப்டன் தலையிலதான். தளம் நீர்மட்டத்துக்கு 9 மீட்டருக்கு மேல இருந்தா, பக்க ஏணியையும் (கப்பலோட பக்கத்துல சாய்வா இறக்குற படிக்கட்டு) சேர்த்துக் கட்டணும். பைலட் ஏணி நீளத்தைக் குறைக்க நடுவுல ஷாக்கிள் (இரும்புக் கொக்கி வளையம்) மாட்டுறது படு மோசம்: எடை பக்கக் கயிற்றுக்குப் போகாம படிக்கட்டையில விழுந்து கட்டு நழுவும். பக்கக் கயிற்றுலயே ரோலிங் ஹிட்ச் (கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற ஒரு முடிச்சு) போடுங்க.

குளச்சல்_கரை:
ஷாக்கிள் விஷயம் இப்பத்தான் புரியுது அண்ணே.