மறுமொழி: ‘பரிசுக் கப்பல்’ சரியா? ‘போர்ப்பிடி’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

போர்க்காலத்தில் கடலில் பிடிபடும் கப்பலையும் சரக்கையும் ஆங்கிலத்தில் ‘பிரைஸ்’ என்பார்கள். நம் கட்டுரைக்கு அதையும் அதை ஒட்டிய சொற்களையும் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு. வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> அகராதியில் ‘பிரைஸ்’ என்றால் பரிசு. அப்படியே பரிசுக் கப்பல், பரிசு நீதிமன்றம் என்று வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. போட்டியில் வாங்கும் பரிசுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தப் பிரைஸ் ‘பிடிபட்டது’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். “பரிசு நீதிமன்றம் ஸ்வீடன் கப்பலை விடுவித்தது” என்று எழுதினால் லாட்டரி வழக்கு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

காரியம் என்ன என்று பார்த்தால் சொல் தானாக அமையும். இங்கிலாந்தும் ஹாலந்தும் 1652-54, 1665-67, 1672-74 என்று மூன்று முறை போரிட்டன. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் ஸ்வீடன், டென்மார்க், ஹாம்பர்க் வணிகர்கள். இவர்கள் கப்பலில் எதிரியின் சரக்கு இருக்கலாம். கப்பலே எதிரியுடையதாக இருந்து, கொடியும் காகிதமும் மட்டும் ஸ்வீடனுடையதாக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பேரில்தான் பிடிப்பார்கள். சந்தேகம் பல சமயம் சரியாகவும் இருந்தது.

ஆனால் பிடித்த உடனே கப்பல் பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கடல்வழக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்குமுன் சரக்கில் கை வைக்கக் கூடாது என்பது விதி (விதி மட்டும்தான்!). மாலுமிகளைத் தனித்தனியே விசாரிப்பார்கள்: கப்பல் யாருடையது, தலைவன் எந்த ஊர்க்காரன், எங்கே ஏற்றினீர்கள், எங்கே போகிறீர்கள், காகிதம் எதையாவது கடலில் வீசினீர்களா? இரண்டாம் போரின்போது கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பெப்ஸும் சக அதிகாரிகள் பேட்டன், பென் இருவரும் ‘ஃப்ளையிங் கிரேஹவுண்ட்’ என்ற வேட்டைக் கப்பலில் (எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அரச உரிமம் பெற்றது) பங்காளிகள். அது பிடித்துவந்த ‘பீனிக்ஸ்’ வழக்கை 1667 மார்ச்சில் லண்டன் எக்ஸிடர் மாளிகையில் பெப்ஸ் நேரில் உட்கார்ந்து கேட்டார். வாக்குமூலங்களை வரிவிடாமல் வாசித்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்த மனிதருக்குக் குளிர் தாங்கவில்லை. அரசாங்க அதிகாரியே பங்குதாரர், வழக்கு நடப்பது அவருடைய அரசனின் நீதிமன்றத்தில். எதிர்த்தரப்பு வணிகரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக இரண்டு கட்டம், இரண்டு சொல் வேண்டும். கடலில் நடப்பது சிறைபிடிப்பு. மீனவர் படகுச் செய்திகளில் தினம் படிக்கும் சொல், மாற்ற வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் நடப்பதற்கு ஒருவர் ‘கண்டனம்’ என்று எழுதியிருந்தார். யாரையும் யாரும் திட்டவில்லையே! அதைப் ‘பறிமுதல் தீர்ப்பு’ எனலாம். ‘ஜப்தி’ கடன் பாக்கி வாசனை அடிக்கிறது.

> பிடிபட்டதைப் ‘பிடிகலம்’ எனலாமே?

ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் கலத்தை மட்டும் சொல்கிறது. கப்பலுக்கு ஒரு தீர்ப்பு, சரக்குக்கு வேறு தீர்ப்பு என்பது சர்வ சாதாரணம். மத்தியதரைக் கடலின் பழைய வழக்கப்படி எதிரியின் சரக்கை எடுத்துக்கொண்டு, நடுநிலைக் கப்பலுக்கு வாடகையும் கொடுத்து அனுப்ப வேண்டும். பிரான்சின் 1681 கடல் சட்டம் நேர் எதிர்: எதிரி சரக்கு இருந்தால் கப்பலும் போச்சு. 1674இல் இங்கிலாந்தும் ஹாலந்தும் செய்துகொண்ட ஒப்பந்தமோ, கப்பல் நடுநிலை என்றால் போர்ச் சரக்கு நீங்கலாக உள்ளே இருப்பதும் தப்பியது என்றது. கப்பல், சரக்கு இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாக ‘போர்ப்பிடி’யை முன்வைக்கிறேன். போர்ப்பிடிச் சட்டம், போர்ப்பிடி நீதிமன்றம் என்று ஒட்டுக்களும் சுலபமாக வருகின்றன. ‘கடற்பிடி’ என்றால் மீன்பாடு நினைவுக்கு வரும். பிடி என்றால் பெண் யானையும்தானே என்று யாராவது கேட்பீர்கள். எக்ஸிடர் மாளிகைக்குள் யானை வராது, கவலை வேண்டாம்.

அடுத்து, எதிரிக்குப் போகக் கூடாத போர்ச் சரக்குக்கு (‘கான்ட்ராபேண்ட்’) வைத்த ‘கடத்தல் பொருள்’. இது அநியாயம். ஸ்வீடன்காரர் தாரும் பாய்மரக் கட்டையும் ஒளித்துக் கடத்தவில்லை. அது அவர் அன்றாட வியாபாரம். எதிரியின் கப்பல்தளத்துக்குப் போவதால்தான் சிக்கல். டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் 1625லேயே போருக்கு மட்டும் உதவுவது, போருக்கு உதவாதது, இரண்டுக்கும் பயன்படுவது என்று சரக்கை மூன்றாகப் பிரித்துவிட்டார். தகராறெல்லாம் அந்த மூன்றாவதில்தான். ‘போர்விலக்குச் சரக்கு’ என்றால் பழி இல்லாமல் பொருள் வரும்.

‘நடுநிலை’ பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். குறளின் நடுவு நிலைமை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் பகை, நொதுமல் (பகையும் நட்பும் இல்லாத அயல்), நண்பு என்ற மூன்றிடத்தும் ஒப்ப நிற்பது என்று விளக்கம் தருகிறார். அந்தக் கணக்கில் நடுநிலையோடு இருக்க வேண்டியவர் நீதிபதி; ஸ்வீடன் கப்பல் வெறும் நொதுமல். ‘நொதுமற் கப்பல்’ என்பதே என் விருப்பம். ஆனால் பத்திரிகைகளில் ‘நடுநிலை நாடு’ வேரூன்றிவிட்டது, கட்டுரைக்கு அதுவே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் நொதுமலையும் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

அப்புறம், கட்டுரையின் மூன்றாம் பத்தியில் பெப்ஸின் ஆட்களைக் ‘கடற்கொள்ளையர்’ என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். அவர்களிடம் அரச உரிமம் இருந்தது. ‘உரிமக் கப்பல்’ போதுமா, இல்லை ‘உரிமப் போர்க்கலம்’ என்று நீட்ட வேண்டுமா?